கதிர்வீச்சு பட்டவர் கேஷுவாலிட்டிக்கு வந்தால்... முதல் ஒரு மணி நேரம் நர்ஸ் கையில்!

திருச்சி எடமலைப்பட்டி புதூர் தெருக்களில் காலை பத்து மணிக்கு மேல் அந்தக் குரலைக் கேட்கலாம். ``பழைய இரும்பு, பித்தளை, பேப்பர்...'' மூன்று சக்கர வண்டியில் ஏறும் ஓட்டை வாளி, உடைந்த மிக்ஸி, துருப்பிடித்த கட்டில் எல்லாம் சாயங்காலத்துக்குள் ஏதோ ஒரு காயலான் கடைக்குப் போய்விடும். அங்கே சம்மட்டியாலும் கேஸ் கட்டராலும் பிரித்து, இரும்பு தனி, ஈயம் தனி என்று எடை போடுவார்கள். `இது எங்கிருந்து வந்தது?' என்று பெரும்பாலும் யாரும் கேட்பதில்லை.

2010-ல் டெல்லியிலும் யாரும் கேட்கவில்லை. அதனால் ஓர் உயிர் போனது.

`கதிர்வீச்சு விபத்து' என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது செர்னோபிலும் ஃபுகுஷிமாவும்தான். ஆனால், இந்தியாவில் கதிர்வீச்சால் நேர்ந்ததாகப் பரவலாக அறியப்பட்ட அந்த மரணம், அணு உலையில் நடக்கவில்லை. காயலான் கடையில் தொடங்கியது. அந்த ஆபத்தை முதலில் சந்தேகித்தது எந்தக் கருவியும் இல்லை, ஒரு மருத்துவமனை. அணுமின் நிலையமே இல்லாத திருச்சி போன்ற ஊர்களின் நர்ஸ்களுக்கு இந்தப் பாடம் ஏன் தேவை என்பதற்கு அந்தச் சம்பவமே பதில்.

மாயாபுரியில் என்ன நடந்தது?

டெல்லி பல்கலைக்கழக வேதியியல் துறையில் `காமா செல்' என்ற ஆராய்ச்சிக் கருவி ஒன்று இருந்தது. 1985-க்குப் பிறகு யாரும் அதைப் பயன்படுத்தவில்லை. உள்ளே கோபால்ட்-60 இருக்கிறது என்ற விஷயம் கவனத்தில் வராமலே, 2010 பிப்ரவரி 26 அன்று அது பழைய பொருள்களோடு ஏலம் போனது. மேற்கு டெல்லியின் மாயாபுரி பழைய இரும்புச் சந்தையில் அதை உடைத்தார்கள். ஈயக் கவசத்துக்குள் பத்திரமாக இருந்த கோபால்ட் வெளியே வந்தது. பளபளவென்று இருந்த துண்டு ஒன்றை ஒருவர் மணிபர்ஸில் வைத்துக்கொண்டார்.

சில வாரங்களில் கடைக்காரர் ஒருவருக்குத் தோல் கறுத்தது, புண்கள் வந்தன. அவர் சேர்க்கப்பட்ட தனியார் மருத்துவமனை, `இது கதிர்வீச்சாக இருக்கலாம்' என்று சந்தேகித்து, ஏப்ரல் 7-ம் தேதி அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்துக்குத் தகவல் சொன்னது. அதன் பிறகுதான் நிபுணர்கள் கருவிகளோடு மாயாபுரிக்கு வந்தார்கள். ஏலம் போன நாளிலிருந்து அதுவரை ஏறக்குறைய 40 நாள்கள். ஏழு பேர் கதிர்வீச்சுக் காயங்களோடு சிகிச்சை பெற்றார்கள். அவர்களில் ஒரு தொழிலாளி ஏப்ரல் 26 அன்று இறந்துபோனார். சர்வதேச அணுசக்தி முகமையின் ஏழு படி அளவுகோலில் இது 4-ம் நிலை விபத்து.

பிரேசிலின் கொயானியா நகரில் 1987-ல் நடந்ததும் இதே கதைதான். கைவிடப்பட்ட கேன்சர் சிகிச்சை மையத்திலிருந்து எடுத்துச் செல்லப்பட்ட கருவியைப் பழைய இரும்புக்காக உடைத்தார்கள். உள்ளே இருந்த சீசியம்-137 தூள் இருட்டில் நீலமாக ஒளிர்ந்தது. அக்கம்பக்கத்தினரும் குழந்தைகளும் அதை ஆசையாகத் தொட்டுப் பார்த்தார்கள். வாந்தி, பேதி என்று வந்தவர்களுக்கு முதலில் ஒவ்வாமை என்றும், வெப்பமண்டல நோய் என்றும்தான் சிகிச்சை நடந்தது. `எங்க வீட்டு ஆளுங்க எல்லாருக்கும் உடம்பு சரியில்லாம போனது இந்தப் பொருள் வந்த பிறகுதான்' என்று சந்தேகப்பட்ட ஒரு பெண், அதைப் பையில் போட்டு, பஸ்ஸில் ஏறி சுகாதார அலுவலகத்துக்கே கொண்டு போனார். அதற்குப் பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. நான்கு பேர் இறந்தார்கள். அதில் ஒன்று ஆறு வயதுச் சிறுமி.

இரண்டு சம்பவங்களிலும் `நான் கதிர்வீச்சு பட்டவன்' என்று சொல்லிக்கொண்டு யாரும் மருத்துவமனைக்கு வரவில்லை. வாந்தி, மயக்கம், ஆறாத புண் என்றுதான் வந்தார்கள். அவர்கள் பெயரை எழுதி, பி.பி. பார்த்து, `எப்போதிருந்து?' என்று முதலில் கேட்டிருக்கக்கூடியவர் ஒரு நர்ஸ்தான்.

திருச்சிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

தமிழ்நாட்டில் அணுமின் நிலையங்கள் இருப்பது கல்பாக்கத்திலும் கூடங்குளத்திலும். இரண்டுமே திருச்சிக்குத் தூரம். ஆனால், கதிரியக்கப் பொருள்கள் அணு உலைக்குள் மட்டும் இருப்பதில்லை. கேன்சர் சிகிச்சைக்கும், தைராய்டு சிகிச்சைக்கும் அவை பயன்படுகின்றன. தொழிற்சாலைகளிலும் பயன்படுகின்றன.

திருவெறும்பூரில் பெல் நிறுவனம் 1960-களில் வந்த பிறகு, பாய்லர் உதிரிபாகம் செய்யும் பட்டறைகள் திருச்சியைச் சுற்றி நிறைய முளைத்தன. உயர் அழுத்தத்தில் வேலை செய்யும் பாய்லர் குழாயின் வெல்டிங் சரியாக இருக்கிறதா என்று வெளியே பார்த்துச் சொல்ல முடியாது. நம் எலும்புக்கு எக்ஸ்ரே எடுப்பதுபோல அதற்கும் படம் எடுப்பார்கள். இதற்கு உலகெங்கும் பயன்படும் கதிரியக்கப் பொருள்களில் முக்கியமானது இரிடியம்-192. கடுகு, மிளகு அளவுதான் இருக்கும்.

இதற்கெல்லாம் உரிமம், பயிற்சி பெற்ற ஆள், பாதுகாப்பு அதிகாரி என்று கண்டிப்பான விதிகள் இருக்கின்றன. விதிப்படி நடந்தால் பயப்பட ஒன்றுமில்லை. விதி தவறும் ஒரு நாளில் என்ன நடக்கும் என்பதற்கு பெரு நாட்டின் யனாங்கோ உதாரணம். 1999 பிப்ரவரியில், அங்கே ஒரு நீர்மின் நிலையக் கட்டுமானத்தில் வேலை பார்த்த வெல்டர், கருவியிலிருந்து கழன்று கிடந்த இரிடியம்-192 துண்டை என்னவென்று தெரியாமல் எடுத்து பேன்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம்தான் அது அவர் பாக்கெட்டில் இருந்தது. கடைசியில் அவருடைய காலையே எடுக்க வேண்டியதாயிற்று.

அப்படி ஒருவர் நம் ஊரில் எங்கே போவார்? தெருமுனை கிளினிக்குக்குப் போவார். சரியாகவில்லை என்றால், புதூரிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, புத்தூரில் இருக்கும் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்கோ, ஏதாவது தனியார் மருத்துவமனைக்கோ போவார். கல்பாக்கத்திலிருந்து நிபுணர்கள் கிளம்பினால்கூட, சாலை வழியாகத் திருச்சி வந்து சேர ஏறக்குறைய ஐந்து மணி நேரம் ஆகும். அதுவரை கேஷுவாலிட்டியில் இருப்பவர்கள்தான் சமாளிக்க வேண்டும்.

வெயில் வேறு, மிளகாய்த்தூள் வேறு!

இந்தப் பயிற்சியின் முதல் பாடம், இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்ப்பது.

ஒன்று, கதிர்வீச்சு உடம்பில் படுவது. வெயிலில் நின்றவருக்குத் தோல் கறுக்கும், மயக்கம்கூட வரும். ஆனால், அவரைத் தொட்டால் நமக்கு வெயில் அடிக்காது. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்தவரை நாம் பயமில்லாமல் தொடுகிறோமே, அதுபோலத்தான். கோபால்ட், இரிடியம் போன்ற மூடிய உலோகத் துண்டிலிருந்து வெளியே வந்த கதிர் பட்டவர், எவ்வளவு மோசமான நிலையில் இருந்தாலும், அவரிடமிருந்து மற்றவருக்கு எதுவும் பரவாது.

இரண்டாவது, கதிரியக்கத் தூளோ திரவமோ உடம்பில் ஒட்டிக்கொள்வது. இதை மிளகாய்த்தூளாக நினைத்துக்கொள்ளலாம். உடையில் ஒட்டும், கையில் ஒட்டும், அந்தக் கையால் கண்ணைத் தொட்டால் அங்கேயும் போகும். ஆனால், உடையை மாற்றிச் சோப்புப் போட்டுக் கழுவினால் போய்விடும். மூச்சுவழியாகவோ, சாப்பாட்டிலோ, காயம்வழியாகவோ உள்ளே போவதுதான் கவலைக்குரியது.

இந்த வித்தியாசம் தெரியாத வார்டில், தொட்டால் ஒன்றும் ஆகாத நோயாளியை யாரும் தொடமாட்டார்கள். தூள் ஒட்டிய சட்டையைச் சாதாரண அழுக்குத் துணியோடு போட்டுவிடுவார்கள். இரண்டுமே தவறு.

முதல் ஒரு மணி நேரம்: என்ன செய்ய வேண்டும்?

ஒரு சூழ்நிலையைக் கற்பனை செய்துகொள்வோம். இரவு எட்டு மணி. காயலான் கடையில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் வாந்தியோடு வருகிறார். உள்ளங்கை சிவந்திருக்கிறது. காய்ச்சல் இல்லை. வெளியில் சாப்பிடவும் இல்லை. டியூட்டியில் இருக்கும் நர்ஸ் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

``என்ன வேலை பார்க்கறீங்க தம்பி? இன்னிக்கு என்ன உடைச்சீங்க?''

``வாந்தி எத்தனை மணிக்கு ஆரம்பிச்சுது?''

``கூட வேலை செஞ்சவங்க வேற யாருக்காவது இப்படி இருக்கா?''

மூன்றாவது கேள்விக்கு `ஆமாம்' என்று பதில் வந்தால் உஷாராக வேண்டும். நெருப்போ, ஆசிடோ, சுடுதண்ணீரோ பட்டதாக நோயாளிக்கு நினைவே இல்லாத தீக்காயமும் அப்படித்தான். கதிர்வீச்சுக் காயத்தின் முக்கியமான அடையாளம் அது. தோல் சிவப்பு முதலில் வந்து மறைந்து, கொப்புளமும் புண்ணும் இரண்டு, மூன்று வாரம் கழித்து வருவதும் உண்டு.

சந்தேகம் வந்துவிட்டால், சர்வதேச மருத்துவ வழிகாட்டிகள் சொல்லும் வரிசை இது.

உயிர் முதலில்: மூச்சு, ரத்தப்போக்கு, அதிர்ச்சி ஆகியவற்றுக்கான சிகிச்சை எதற்காகவும் காத்திருக்கக் கூடாது. கதிர்வீச்சு உடனே கொல்வது மிக அரிது. அடைத்த மூச்சுக்குழாய் சில நிமிடங்களில் கொன்றுவிடும். கருவி வரட்டும், கழுவி முடிக்கட்டும் என்று ஆம்புலன்ஸ் வாசலில் நோயாளியை நிறுத்திவைப்பது பெரிய தவறு.

இடமும் உடையும்: வாசலுக்குப் பக்கத்தில் ஓர் அறையை ஒதுக்கி, தரையில் ஷீட் விரித்து, அழுக்குப் பக்கம், சுத்தப் பக்கம் என்று கோடு போட வேண்டும். தொப்பி, மாஸ்க், கவுன், இரண்டு அடுக்கு கிளவுஸ் போதும். எக்ஸ்ரே அறையில் போடும் ஈய ஏப்ரன் இங்கே உதவாது. கோபால்ட், சீசியம் போன்றவற்றின் கதிர்களை அது பெரிதாகத் தடுக்காது. கனத்தால் வேலைதான் தாமதமாகும்.

துணியைக் கழற்றுவது: தலைவழியாக இழுக்காமல், முன்பக்கம் கத்தரித்து, வெளிப்பக்கம் உள்ளே போகும்படி சுருட்டி எடுக்க வேண்டும். உடம்பில் ஒட்டிய தூளில் பெரும்பகுதி, சில சமயம் 90 சதவிகிதம் வரை, இந்த ஒரு வேலையிலேயே போய்விடும். துணியை இரட்டைப் பையில் கட்டி, பெயரும் நேரமும் எழுதி, ஆள் நடமாட்டமில்லாத இடத்தில் வைக்க வேண்டும். செர்னோபிலுக்குப் பக்கத்தில் இருக்கும் பிரிபியட் நகர மருத்துவமனையின் அடித்தளத்தில், 1986 ஏப்ரல் 26 அன்று தீயணைப்பு வீரர்களிடமிருந்து கழற்றிய உடைகளும் பூட்ஸ்களும் பல ஆண்டுகளாகக் கிடந்தன. அவற்றில் கதிரியக்கம் அப்போதும் இருந்தது. கழற்றிய துணிக்கு லேபிள் எதற்கு என்று இனி யாரும் கேட்க மாட்டார்கள்.

பாக்கெட்டைப் பார்ப்பது: மணிபர்ஸ், பாக்கெட், இடுப்பு மடிப்பு எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். அடையாளம் தெரியாத உலோகத் துண்டு இருந்தால் கையால் தொடவே கூடாது. நீளமான ஃபோர்செப்ஸால் எடுத்து, தூரத்தில் வைத்து, அந்தப் பக்கம் யாரும் போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். தூரம் இரட்டிப்பானால் கதிர்வீச்சு நான்கில் ஒரு பங்காகிவிடும்.

கழுவுவது: முதலில் காயம், பிறகு கண், மூக்கு, வாய், கடைசியில் மற்ற தோல். வெதுவெதுப்பான தண்ணீரும் சாதாரண சோப்பும் போதும். நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. முடியை மழிக்கக் கூடாது. தோலில் கீறல் விழுந்தால், வெளியே இருப்பது உள்ளே போக வழி கிடைத்துவிடும். முகம் கழுவுவதற்கு முன்பே, இரண்டு மூக்குத் துவாரங்களிலும் தனித்தனி ஸ்வாப் எடுத்து வைக்க வேண்டும். மூச்சில் உள்ளே போயிருக்கிறதா என்று நிபுணர்கள் பிறகு கண்டுபிடிக்க அது உதவும்.

ரத்தமும் கடிகாரமும்: முதல் ரத்தப் பரிசோதனையை உடனே எடுத்து, பிறகு சில மணி நேரத்துக்கு ஒருமுறை எடுக்க வேண்டும். லிம்போசைட் என்ற வெள்ளை அணுக்கள் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்பதுதான், உடம்பு வாங்கிய கதிர்வீச்சின் அளவைச் சொல்லும் முதல் தடயம். இரண்டாவது தடயம், வாந்தி தொடங்கிய நேரம். கதிர்வீச்சு பட்டு இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு வாந்தி வந்தால் பாதிப்பு பெரும்பாலும் லேசானது. ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் என்றால் நடுத்தரம். ஒரு மணி நேரத்துக்குள் என்றால் கடுமை. பத்து நிமிடத்துக்குள் என்றால் உயிருக்கே ஆபத்து. கேஸ் ஷீட்டில் `வாந்தி உண்டு' என்று எழுதுவதும், `மாலை 6.40-க்கு முதல் வாந்தி' என்று எழுதுவதும் ஒன்றில்லை.

இதற்கிடையே ஆர்.எம்.ஓ., மாவட்ட நிர்வாகம், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் என்று தகவல் போயாக வேண்டும். யார் யாருக்கு, எந்த எண்ணில் சொல்ல வேண்டும் என்ற பட்டியல் கேஷுவாலிட்டி சுவரில் ஒட்டியிருக்க வேண்டும். அந்த நேரத்தில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

`நல்லாயிட்டேன் சிஸ்டர்' என்று சொல்லும் நாள்கள்

கதிர்வீச்சு நோயில் ஏமாற்றும் கட்டம் ஒன்று உண்டு. வாந்தியும் களைப்பும் ஓரிரு நாளில் நின்றுவிடும். நோயாளி எழுந்து நடப்பார், சாப்பிடுவார், `வீட்டுக்குப் போகலாமா?' என்று கேட்பார். ஆனால், அந்த நாள்களில்தான் உள்ளே எலும்பு மஜ்ஜை புது ரத்த அணுக்களை உருவாக்க முடியாமல் திணறிக்கொண்டிருக்கும். இரண்டு, மூன்று வாரத்தில் காய்ச்சல், வாய்ப்புண், ஈறில் ரத்தம், முடி உதிர்தல் என்று திரும்பி வரும். `சரியாகிவிட்டது' என்று அனுப்பிவிட்டால் அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருப்பார்.

செர்னோபிலில் கடுமையான கதிர்வீச்சு நோய் உறுதியானவர்கள் 134 பேர். அவர்களில் 28 பேர் 1986-லேயே இறந்தார்கள். மற்றவர்கள் அந்த முதல் மாதங்களைத் தாண்டிவந்ததில் மருந்துக்கு எவ்வளவு பங்கோ, பராமரிப்புக்கும் அவ்வளவு பங்கு. தனி அறை, கை கழுவும் ஒழுங்கு, நன்றாக வேகவைத்த உணவு, வாயைச் சுத்தமாக வைத்திருப்பது, தட்டணுக்கள் குறைந்திருக்கும்போது தசையில் ஊசி போடாமல் தவிர்ப்பது, சின்னக் காய்ச்சலையும் உடனே டாக்டரிடம் சொல்வது... எல்லாமே நர்ஸின் வேலைகள். கீமோதெரபி வார்டில் வேலை பார்த்த நர்ஸுக்கு இதில் எதுவும் புதிதில்லை. வெள்ளை அணுக்களைத் தூண்டும் ஊசிகூட அங்கே போடுகிற அதே ஊசிதான்.

அயோடின் மாத்திரை எல்லாவற்றுக்கும் மருந்தா?

கதிர்வீச்சு என்றதும் `அயோடின் மாத்திரை போட்டுக்கலாமா?' என்று கேட்பவர்கள் உண்டு. பொட்டாசியம் அயோடைடு மாத்திரை பாதுகாப்பது தைராய்டு சுரப்பியை மட்டும். அதுவும் அணு உலை விபத்தில் வெளியாகும் கதிரியக்க அயோடினிடமிருந்து மட்டும். கோபால்ட்டுக்கும், சீசியத்துக்கும், இரிடியத்துக்கும் அதனால் எந்தப் பயனும் இல்லை. உடம்புக்குள் போன சீசியத்தை வெளியேற்ற `பிரஷ்யன் ப்ளூ' என்ற வேறு மருந்து இருக்கிறது; கொயானியாவில் அதைத்தான் கொடுத்தார்கள். இதையெல்லாம் பதறி நிற்கும் குடும்பத்துக்கு எளிமையாகச் சொல்லிப் புரியவைப்பதும் நர்ஸின் பொறுப்பில் வரும்.

பயத்துக்கும் ஒரு வார்டு தேவைப்படும். கொயானியாவில் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் வைத்து 1,12,000-க்கும் மேற்பட்டவர்களைச் சோதித்தார்கள். கதிரியக்கம் ஒட்டியிருந்தது 249 பேருக்கு. மற்ற எல்லோரும் பயத்தோடு வந்தவர்கள். திருச்சியில் அப்படி ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் பரவினால் மருத்துவமனை வாசல் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். உண்மையான நோயாளிக்கு ஒரு வழி, பரிசோதனைக்கு வந்தவர்களுக்கு இன்னொரு வழி என்று பிரித்து அனுப்பத் தெரிந்த நர்ஸ்கள் இல்லையென்றால் சிகிச்சையே நின்றுபோகும்.

பயம் ஆளைக் கொல்லும் என்பதை ஜப்பான் பார்த்தது. 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா விபத்து நடந்தபோது, கடுமையான கதிர்வீச்சு நோயால் யாரும் இறக்கவில்லை. ஆனால், அருகிலிருந்த மருத்துவமனைகளையும் முதியோர் இல்லங்களையும் அவசரமாகக் காலி செய்தபோது, போதிய மருத்துவக் கவனிப்பு இல்லாத பயணத்தில் 50-க்கும் மேற்பட்ட நோயாளிகள் இறந்துபோனார்கள். அதன் பிறகு ஜப்பானில் கதிர்வீச்சு பற்றிய கல்வி நர்ஸிங்கின் முக்கியமான பாடமாக வளர்ந்தது.

`எனக்கு ஏதாவது ஆயிடுமா?'

எந்த நர்ஸுக்கும் வரும் கேள்வி இது. வர வேண்டிய கேள்வியும்கூட. நேரத்தைக் குறை, தூரத்தைக் கூட்டு, இடையே தடுப்பு வை. கதிர்வீச்சுப் பாதுகாப்பின் மூன்று விதிகள் இவைதான். மாஸ்க், கிளவுஸ், கவுன் போட்டு, ஆள் மாற்றி ஆள் வேலை செய்தால், உடம்பில் தூள் ஒட்டிய நோயாளியைப் பராமரிப்பதால் நர்ஸுக்கு வரும் கதிர்வீச்சு பொதுவாக மிகக் குறைவு.

இந்தியாவில் கதிர்வீச்சுத் துறையில் வேலை செய்பவருக்கு ஓர் ஆண்டு அதிகபட்சம் 30 மில்லிசீவர்ட். ஐந்து ஆண்டு சராசரி ஆண்டுக்கு 20-ஐத் தாண்டக் கூடாது. மண், காற்று, விண்வெளியிலிருந்து இயற்கையாகவே நாம் எல்லோரும் வாங்கும் அளவு, உலக சராசரியில் ஆண்டுக்குச் சுமார் 2.4 மில்லிசீவர்ட். நர்ஸ் எவ்வளவு வாங்கினார் என்பதை, சட்டையில் குத்தும் டி.எல்.டி. பேட்ஜ் கணக்கு வைத்துக்கொள்ளும். கர்ப்பமாக இருக்கும் நர்ஸை இந்த வேலையில் ஈடுபடுத்தாமல் வேறு பொறுப்பு தர வேண்டும். `பயிற்சி இருக்கு, பேட்ஜ் இருக்கு, ஷிஃப்ட் மாத்த ஆள் இருக்கு' என்று தெரிந்தால்தான் ஒருவர் துணிந்து உள்ளே போவார். அதை உறுதி செய்வது நிர்வாகத்தின் கடமை. `சேவை மனப்பான்மை' என்று சொல்லி நர்ஸ் தலையில் கட்டிவிட முடியாது.

பயிற்சியை எங்கிருந்து தொடங்கலாம்?

தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம், அணு மற்றும் கதிர்வீச்சு அவசர நிலைகளுக்கான வழிகாட்டு நெறிகளை 2009-லேயே வெளியிட்டுவிட்டது. மாயாபுரிக்கு ஓராண்டு முன்பே! இந்திய நர்ஸிங் கவுன்சிலின் பாடத்திட்டத்திலும் பேரிடர் நர்ஸிங் இருக்கிறது. அணுமின் நிலையம் இருக்கும் பகுதிகளில் விதிப்படி ஒத்திகைகள் நடக்கின்றன. அரக்கோணத்தில் தேசியப் பேரிடர் மீட்புப் படையின் 4-வது பட்டாலியன் இருக்கிறது. ஆனால், பாடமாகப் படித்தது வேறு, இரவு டியூட்டியில் கை தானாகச் செய்வது வேறு. சி.பி.ஆர். போலத்தான் இதுவும். பழகாவிட்டால் மறந்துபோகும்.

இதற்குப் பெரிய செலவு தேவையில்லை. கதிர்வீச்சு சிகிச்சை தரும் ஒவ்வொரு மருத்துவமனையிலும் கதிர்வீச்சுப் பாதுகாப்பு அதிகாரி ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. கருவியும் அவரிடம் இருக்கும். ஊரிலுள்ள மற்ற மருத்துவமனை நர்ஸ்களுக்கு அவரே அரை நாள் வகுப்பு எடுக்கலாம். அயோடின் சிகிச்சை வார்டில் வேலை பார்க்கும் நர்ஸ்கள், கதிரியக்கம் உள்ள நோயாளியை எப்படிப் பராமரிப்பது, கழிவை எப்படிக் கையாள்வது என்று தினமும் செய்துகொண்டிருப்பவர்கள். அவர்களும் கற்றுத்தரலாம்.

ஒத்திகைக்குக் கலர் கோலப்பொடி போதும். ஒருவர் சட்டையில் பொடியைத் தூவி, நோயாளியாகப் படுக்க வைக்க வேண்டும். துணியைக் கத்தரித்து, சுருட்டி, கழுவி முடித்த பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தால் யார் கை எங்கே பட்டது, பொடி எங்கே சிந்தியது, கிளவுஸ் கழற்றும்போது மணிக்கட்டில் ஒட்டியதா என்று கண்ணுக்கே தெரியும். 2020-ல் கோவிட் வார்டில் கவச உடை போட்டுக் கழற்றிப் பழகிய கைகள் இதைச் சீக்கிரம் பிடித்துக்கொள்ளும்.

நாம் செய்ய வேண்டியது

* மஞ்சள் பின்னணியில் மூன்று இதழ் விசிறிபோல ஒரு சின்னம் இருந்தால் அது கதிரியக்க எச்சரிக்கை. 2007-ல் அறிமுகமான இன்னொரு சின்னமும் உண்டு: சிவப்பு முக்கோணத்துக்குள் கதிர் அலைகள், மண்டை ஓடு, ஓடும் மனிதன். படிக்கத் தெரியாதவருக்கும் `ஓடிவிடு' என்று புரிவதற்காகவே உருவாக்கியது.

* அந்தச் சின்னம் உள்ள பெட்டியோ, காரணமில்லாமல் மிகக் கனமாக இருக்கும் உலோக உருளையோ கிடைத்தால் உடைக்கவும் கூடாது, வீட்டுக்கு எடுத்து வரவும் கூடாது. விலகி நின்று 112-க்குத் தகவல் சொல்லுங்கள்.

* பழைய இரும்பு, வெல்டிங் சோதனை போன்ற வேலைகளில் இருப்பவர் வாந்தி, ஆறாத புண் என்று மருத்துவமனைக்குப் போனால், என்ன வேலை செய்கிறார் என்பதை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

* நர்ஸிங் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால், பேரிடர் பாடத்தில் கதிர்வீச்சுப் பகுதியைத் தேர்வுக்காகப் படித்துவிட்டு விட்டுவிடாமல், ஒருமுறையாவது செய்து பார்க்கச் சொல்லுங்கள்.

மாயாபுரியில் அந்தக் கருவி திறந்து கிடந்த நாள்களில், நடுவில் எங்காவது ஒரு சின்ன கிளினிக்கில் `என்ன வேலை பார்க்கறீங்க? என்ன உடைச்சீங்க?' என்ற கேள்வி எழுந்திருந்தால், அந்தக் கோபால்ட் சில நாள்களாவது முன்னதாகப் பிடிபட்டிருக்கும். அந்தக் கேள்வியைக் கேட்கக் கருவி வேண்டாம், நிபுணர் வேண்டாம். கேட்கச் சொல்லித்தர வேண்டும், அவ்வளவுதான்.